பின்வாசல் பாட்டு

இப்போதெல்லாம் ஜனங்களுக்குப் பாட்டு வேண்டியதில்லை, அந்த ஒரு பாட்டுதான் வேண்டும். மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பீர் டப்பாவைத் திறப்பார்கள், மேடையில் இருப்பவன் கிதாருக்குச் சுருதி சேர்க்கும் முன்பே "பின்வாசல்! பின்வாசல்!" என்று கத்துவார்கள். மற்ற பாட்டெல்லாம் அவர்களுக்குக் கக்கூஸ் போய்விட்டு வருகிற நேரம். வெர்லின் ஹாடிக்ஸுக்கு இதில் கோபம்கூட வருவதில்லை. எழுபத்துமூன்று வயதில் கோபப்பட்டால் முழங்கால்தான் வலிக்கும்.

செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்தன்று யூனியன் ஹாலுக்குப் பின்னால் நடக்கும் விருந்தில் அவர் வருஷா வருஷம் பாடுவார். ஒஹாயோவில் அந்த ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் பெட்டி அடுக்கியவர் அவர். உலையில் வேலை பார்த்த ராய்ஸ் கப்லரும் அவரும் ராய்ஸின் கார் ஷெட்டில் கிதார் பழகி, சனிக்கிழமைகளில் மதுக்கடைகளில் சேர்ந்து பாடினார்கள். எண்பத்துமூன்றாம் வருஷம் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. எல்லோரும் முன்கேட்டில் பனியில் நின்றுகொண்டிருக்க, ராய்ஸின் பச்சை வண்டி பின்வாசல் வழியாக உள்ளே போவதை வெர்லின் தன் கண்ணால் பார்த்தார். அந்த வாரமே, பின்வாசலில் நுழைந்த துரோகியைப் பற்றிப் பாட்டு வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. பச்சை வண்டி என்றால் ஊருக்குத் தெரியாதா.

கிளீவ்லாந்து ரேடியோ அதைப் போட்டது. நியூயார்க்கிலிருந்து ரெக்கார்டு கம்பெனி தேடி வந்தது. பெரிய கோஷ்டிகள் மேடையேறுவதற்கு முன்னால் ஏறிப் பாடினார். இரண்டாவது ரெக்கார்டு போணியாகவில்லை, கம்பெனி கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பழைய வேன், மாட்டுச் சந்தையோடு நடக்கும் திருவிழாக்கள், பனிக்காலத்தில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. முதல் மனைவி போனாள், இரண்டாமவளும் போனாள். பாட்டு மட்டும் போகவில்லை.

ராய்ஸ் இந்த ஏப்ரலில் செத்துப்போனான். சாவுக்கு வெர்லின் போகவில்லை.

மேடைக்குப் பின்னால் அவர் கோழி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது ராய்ஸின் மனைவி நெடா வந்தாள். கூடவே, அந்தக் காலத்து யூனியன் தலைவர் மில்ட் கோவாக், வாக்கரைத் தள்ளிக்கொண்டு.

"சாப்பிடு, சாப்பிடு. வாய் நெறைய வச்சிருக்கும்போதே நான் பேசி முடிச்சிடறேன்" என்றாள் நெடா. "இன்னைக்கு அந்தப் பாட்டப் பாடாத."

"அத விட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு? செத்தப்புறம்தான் அவனுக்கு ரோஷம் வந்துச்சா?"

"உசுரோட இருக்கற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. மில்ட், வாயத் தொறங்க."

மில்ட் மூச்சு வாங்கினார். "டேய், ராய்ஸ உள்ள அனுப்பினதே நான்தான்டா. உலை அணைஞ்சா உள்ள இருக்கற கண்ணாடி கல்லா உறைஞ்சிடும், செங்கல்லு வெடிச்சிடும். அப்புறம் ஜெயிச்சுத் திரும்பிப் போறதுக்கு ஃபேக்டரி ஏது? நம்பிக்கையான ஆளுங்க கொஞ்சப் பேர நாங்களே பொறுக்கி, உலைய மட்டும் சூடா வச்சிருங்கடான்னு அனுப்பினோம். ஒரு கண்ணாடி பாட்டில்கூடச் செய்யல அவங்க."

"உலைய ஆபீஸ்காரங்க பாத்துக்கறாங்கன்னுதான அன்னைக்குச் சொன்ன?"

"அந்த டை கட்டினவனுங்களா? முட்டை வேகவைக்கத் தெரியாதுடா அவனுங்களுக்கு."

"அப்ப ஏன் வெளிய சொல்லல?"

"கேட்ல நின்னவனுங்க கையில எல்லாம் கல்லு. சொல்லியிருந்தா என்னையும் சேத்து அடிச்சிருப்பானுங்க."

"ஸ்ட்ரைக் முடிஞ்சப்புறம்? வாய்ல கொழுக்கட்டையா?"

"நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன். ராய்ஸ்தான் விடல. அதுக்குள்ள உன் பாட்டு ரேடியோல வந்துடுச்சு. நம்மாளு ஒருத்தனாவது இந்த ஊர விட்டு மேல போறான், போகட்டும் விடுன்னுட்டான்."

உள்ளே ஏதாவது அசையும் என்று வெர்லின் காத்திருந்தார். ஒன்றும் அசையவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. கோழிக்கு உப்பு போதவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"அப்புறமா அவன மேஸ்திரி ஆக்கினாங்களே, அதுவும் நீ அனுப்பினதுதானா?"

"அது கம்பெனி செஞ்சது" என்றார் மில்ட்.

"பேரப்பசங்க காலம் வரைக்கும் இந்த ஃபேக்டரி ஓடும்னு சொன்னவனும் நீதான். இப்ப அங்க புல்லு மொளைச்சுக் கெடக்கு."

நெடா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "மளிகைக் கடையில சாமான் எடுத்துட்டு நிப்பேன், மேல ஸ்பீக்கர்ல உன் பாட்டு வரும். கூடைய அங்கயே வச்சிட்டு வெளிய வந்துடுவேன். ஒரே ஒரு நாள், நம்ம ஆளுங்க முன்னாடி, பாடாம இரு. வேற ஒண்ணும் கேக்கல."

"பாக்கலாம்" என்றார் வெர்லின். சாண்ட்விச் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு மேடையேறினார்.

வேறு நாலைந்து பாட்டுகள் பாடினார். ஜனங்கள் எழுந்து போனார்கள், வந்தார்கள், சோளம் தின்றார்கள். பிறகு கத்தல் ஆரம்பித்தது. முன்வரிசையில் நெடா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய விரல்கள் பழக்கத்தில் தாமாகவே அந்தப் பாட்டின் ஆரம்பத்தை வாசித்துவிட்டன. மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை. இரக்கமா, சந்தேகமா, அவருக்கே தெரியவில்லை. கையையும் நிறுத்திக்கொண்டார்.

கூட்டம் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. வேலைநிறுத்தத்தின்போது பிறந்தே இராதவர்கள் முதல் வரியை எடுத்தார்கள். பெஞ்சுகளில் தாளம் போட்டார்கள். பச்சை வண்டி வருகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து தரையை உதைத்தார்கள். ஒரு வரி விடாமல், அவர் இல்லாமலே பாட்டு முடிந்தது. முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

கிதாரைப் பெட்டிக்குள் வைத்துப் படியிறங்கியபோது நெடா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்க பாடறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

"நீ வாய மூடினதப் பாத்தேன்."

"அது போதும்ல?"

"போதாது" என்றாள். நாற்காலியைக் கையில் மாட்டிக்கொண்டு மில்ட்டைத் தேடிப் போனாள்.

அவர் கார்கள் நிற்கும் பக்கம் நடந்தார். ராய்ஸுக்கு வாய் இருந்தது. இரண்டே தெரு தள்ளித்தான் வீடு. வந்து கதவைத் தட்டி, "உள்ள போனது இதுக்குத்தான்டா" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எத்தனை நேரமாகும்? அப்படி மௌனமாக இருக்கிற மனிதனை அவர் எங்கும் பார்த்ததில்லை. விதவை அழுதால் மில்ட் எதற்கும் தலையாட்டுவார். செத்தவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு கிழவன் கிடைப்பது கஷ்டமில்லை என்று நினைத்தபடி, பின்னால் கூட்டம் இரண்டாம் தடவை தரையை உதைக்கிற சத்தத்துக்குத் திரும்பாமல், வேனைப் பார்த்து நடந்தார்.