ராணியை முதல்ல இறக்கு

மேஸ்திரிக்கு நான் தரவேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். முதுகு பிடித்துப் படுத்த வாரம் வாங்கியது. கேட்கும்போதெல்லாம் "அடுத்த சம்பளத்துல" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

அட்டைப்பெட்டிக் கிடங்கில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவன் நான். சாப்பாட்டு வேளையில் செஸ் ஆடுவோம். இந்த வருஷப் போட்டிக்கு முதல்முறையாகப் பேக்கிங் பக்கமிருந்து ஒரு பெண் பேர் கொடுத்தாள். நாள் முழுக்கப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதால் எல்லாருக்கும் அவள் டேப்பு. காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான்.

"அண்ணே, ஆரம்பத்துல எதை நகர்த்தணும்னே தெரியல. சுலபமா ஒண்ணு சொல்லிக் குடுங்க. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சாப் போதும். எங்க பக்கத்துப் பொண்ணுங்க அத்தனை பேரும் என்னைத்தான் நம்பிட்டிருக்காங்க."

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு முதல் ஆட்டமே மேஸ்திரியோடு. அன்றைக்கே அவர் என்னை லாரிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"நீதான் வாத்தியாராமே? ஒரு பொம்பளைகிட்ட நான் தோத்தா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? பார்த்துச் சொல்லிக் குடு. நம்ம கணக்கை மறந்துடறேன்."

நான் தலையைச் சொறிந்தேன். அதைச் சம்மதமென்று அவர் எடுத்துக்கொண்டார். நானும்தான்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு, குதிரையை எடு, மந்திரியை எடு, ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்து. வாய் வரைக்கும் வந்தது.

"ராணியை முதல்ல இறக்கு," என்றேன். "நாலே நகர்த்தல்ல ஆளு காலி."

அவளுக்கு முகமெல்லாம் பல். பேக்கிங்கில் தன் பக்கத்தில் நிற்கும் பெண்ணை அன்றே மூன்று தடவை தோற்கடித்துவிட்டு ஓடிவந்தாள். "இவ்வளவு சுலபமா அண்ணே? ஏன் இத்தனை நாளா யாருமே சொல்லல?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

போட்டியன்று இரண்டாவது நகர்த்தலிலேயே அவள் ராணி வெளியே வந்து நின்றது. மேஸ்திரி இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர். ஒரு சிப்பாயை விட்டு விரட்டினார். பிறகு குதிரை. பிறகு இன்னொரு குதிரை. ராணி ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற காய்களெல்லாம் வைத்த இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தன. ராணி வெட்டுப்பட்டதும், "என்ன டேப்பு, பிரிஞ்சு வந்துடுச்சா?" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. நான்தான் சொதப்பிட்டேன்."

திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

"நீ சொதப்பலம்மா. நீ தோக்கணும்னுதான் அதைச் சொன்னேன். மேஸ்திரிக்கு நான் கடன்."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, பாதி வாங்கிட்டு நானே தோத்திருப்பேனே," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

சம்பளக் கவர் வந்ததும் பிரிக்காமல் மேஸ்திரியிடம் போனேன்.

"அதான் மறந்துட்டேன்னு சொன்னேனேப்பா."

"நீங்க மறக்க வேணாம். எடுத்துக்குங்க."

ஒரு மாதிரிப் பார்த்தார். கவரைக் கிழித்துத் தன் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினார்.

"சரி, தீர்ந்தது," என்றார்.