ஆட்டுக்கு விட்ட இடம்

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த தாஹிருக்கு, மனைவி ஃபர்ஸானா வாங்கிவந்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராவைக் கண்டாலே இளக்காரம்.

"திரை கெடையாது, படம் வர ஒரு வாரம். இதுக்கு மொபைல் பத்தாதாக்கும்?"

"மொபைல்ல படத்துக்குள்ள இருக்கது மட்டுந்தான் மச்சான் தெரியும். இதுல வெளிச்சக் கோட்டால கட்டம் போட்டிருக்கு. கட்டத்துக்கு வெளியேயும் தெரியும். எது உள்ள வரப்போவுதுன்னு முன்னாலயே பாத்துக்கிடலாம்."

அந்த ஞாயிறு மும்பையிலேயே சீத்தா கேம்ப் குடியிருப்பில் தாஹிரின் தங்கை ஆஸியாவுக்கு நிக்காஹ். விருந்து முடிந்து குடும்பமே படத்துக்குத் திரண்டது. மாப்பிள்ளை ராஹிலுக்கு அடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் தாஹிரின் தாய்மாமா முகம்மது ஹனீப். எதிரே பத்துப் பேர் மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஃபர்ஸானா கேமராவைக் கண்ணில் வைத்தாள். கட்டத்துக்கு வெளியே, வலப்பக்கம், பக்கத்து வீட்டு ஆடு அறுந்த கயிற்றோடு வந்துகொண்டிருந்தது. அதன் கண் ராஹிலின் ரோஜா மாலை மேலேயே இருந்தது.

கத்தியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் ஆடு நடந்துவந்த தோரணையில் மனசு கெட்டுப்போயிற்று. கேமராவை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆடு கட்டத்துக்குள் நுழைந்து மாலையைக் கவ்வியது. ராஹில் அலறிக்கொண்டு மாமா மடியில் பாய்ந்தான். நாற்காலிக் கால் முறிந்தது. மாமா மல்லாந்தார். அந்த நொடியில் ஒரு சின்னக் 'க்ளிக்'.

மொபைல்காரர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆட்டின் வாலும் யாருடையதோ முழங்கையும்தான்.

"நீ முன்னாலதான நின்ன? ஆடு வந்தது தெரியலையா?" என்று இடுப்பைத் தடவிக்கொண்டே மாமா கேட்டார்.

"கண்ணு கேமராவுக்குள்ளல்லா இருந்துச்சு, மாமா!"

அந்தப் பொய் ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு படம் வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா மட்டும் மூக்குக்கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்தார்.

"ஏளா, குடும்பம் பூரா எடது பக்கம் நெருக்கியடிச்சு நிக்கி. வலது பக்கம் ஆடு மட்டும் தாராளமா நிக்கி. ஆட்டுக்குன்னே எடம் விட்டுல்லா எடுத்திருக்க!"

வீடே ஃபர்ஸானாவைப் பார்த்தது. காப்பாற்ற வந்தவன் தாஹிர்தான்.

"மாமா, இந்தக் கேமராவோட வசதியே அதுதான். வெளிய வாரதுகூட அவளுக்கு நல்லா தெரியும்!" என்று பெருமையோடு விளக்கினான்.

மாமா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் போன் செய்தார். மல்லாந்ததில் தொந்தி உள்ளே போய், படத்தில் ஆள் இளைத்துத் தெரிகிறாராம். ஆட்டையும் மாப்பிள்ளையையும் நீக்கிவிட்டு, தன்னை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார்.