கத்தரிக்காய் மாடு செய்யாத ஓபோன்

எங்கள் காலுறை பின்னும் இயந்திரத்துக்கு மரபுச் சின்னம் என்ற சான்றிதழ் கிடைக்காவிட்டால், ஓபோன் பண்டிகை முடிந்த மறுநாளே பழைய இரும்பு லாரி வரும் என்று சொல்லிவிட்டான் என் கொழுந்தன் தொகுஜி. இயந்திரம் நிற்கும் கொட்டகையில் பாதி அவன் பங்கு. கார் நிறுத்த வேண்டுமாம். அந்தத் தொண்ணூறு வயது இயந்திரத்தை விட்டால் என் வீட்டுக்காரர் கென்சாபுரோவுக்குப் பேச்சுத் துணை கிடையாது. நான் இருக்கிறேன்தான், ஆனால் நான் திருப்பிப் பேசுவேனே!

டோக்கியோவிலிருந்து குரிஹரா என்ற பொறியாளர் அம்மா சோதிக்க வந்தார். டார்ச் லைட்டோடு இயந்திரத்தின் அடியிலேயே படுத்துவிட்டார்.

"எல்லாம் அசல்தான். ஊசி உருளை மட்டும் புதுசு. பழசு எங்கேங்க? உடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல, மெஷின் பக்கத்துல இருந்தாகணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது காலமாயிடுச்சுங்க" என்றேன்.

பின்னே? பிப்ரவரியில் உடைந்த ஊசிகளை டோஃபு என்ற மெத்தென்ற சோயாக் கட்டியில் குத்திக் கோயிலில் வழியனுப்புவோமே, பதினைந்து வருடத்துக்கு முன் அதே நாளில் விரிசல் விட்ட உருளையையும் சுமந்துபோய்க் காரியம் செய்துவிட்டேன். அத்தனை உழைத்ததைக் குப்பையில் போட மனசு வருமா?

மூவரும் கோயிலுக்கு ஓடினோம். வாசலில் எங்கள் உருளை! ரியோகென் சாமியார் அதில் குடைகளைச் செருகி வைத்திருந்தார்.

"சாமி, இதைத் திருப்பிக் கொடுங்க."

"மந்திரம் சொல்லி அனுப்பியாச்சேம்மா. போனதை எப்படித் திருப்பித் தர்றது?"

"குடை வைக்க மட்டும் போகாம நின்னுதாக்கும்?"

சாமியார் இருமினார். மொட்டைத் தலையைத் தடவினார். "சரி, நாளைக்கு ஓபோன். போனவங்க வீட்டுக்கு வர்ற நாள்தானே, கூட்டிட்டுப் போங்க. ஆனா ஓபோன் முடியுற சாயங்காலம் வழக்கம்போல கத்தரிக்காய் மாட்டுல ஏத்தி அனுப்பிடணும்."

வழக்கப்படி வெள்ளரிக்காயில் குச்சிக்கால் குத்திக் குதிரை செய்தேன், வருகிறவர் சீக்கிரம் வரட்டும் என்று. குதிரையை மேலே வைத்து, உருளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம்.

கடைசி நாள் சாயங்காலம் இவர் பதறினார். "மசுயோ, கத்தரிக்காய் மாடு எங்கே?"

"கத்தரிக்காயை மிசோ விழுது தடவிச் சுட்டுட்டேன். ஆறிடப்போகுது, சாப்பிடுங்க."

"அப்போ உருளை எதுல ஏறித் திரும்பிப் போகும்?"

"அதானே!"

தொகுஜியும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு அண்ணி என்றான். மறுநாள் லாரி வரவில்லை. குரிஹராதான் வந்து, உருளையைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

சாமியாருக்குப் புது வாளி ஒன்று அனுப்பிவைத்தேன். மழைக்காலம் வருகிறதே, பாவம்.