ஏலக்காரர் குரல்

ஏலக்காரர் வாயைத் திறந்தால் தெருக்கோடியில் போகிறவர்கூட நின்று திரும்பிப் பார்ப்பார். ஆட்டம் காணும் மேசை முதல் இடிக்கப்போகும் கட்டடத்தின் கதவு ஜன்னல் வரை எதையும் பேசியே விற்றுவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் நோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். அதன் பிறகு கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவுமாகத்தான் நடமாட்டம். அவர் எழுதுவதை அவர் மனைவி ஊருக்கு வாசித்துச் சொல்வார்.

பேத்தி பிறந்தது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு. “எங்க தாத்தாவுக்குப் பேச வராது” என்று அது தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருநாள் அவர் கேட்டுவிட்டார். அன்று முழுக்கப் பரணைக் குடைந்து ஒரு வீடியோ கேசட்டைக் கண்டுபிடித்தார். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று மைத்துனர் எடுத்தது.

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. அதை நடத்திய பெண் கேசட்டின் மூடியைத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

“பூஞ்சை பிடிச்சிருக்கு. துடைச்சுத்தான் ஓட விடணும். ஒரு தடவை ஓடும்போதே ஏத்திடணும், ஐயா. மறுபடி ஓடும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது.”

அவர் பலகையில் எழுதினார்: படம் போனாலும் பரவாயில்லை, சத்தம் வேண்டும்.

மனைவி வாசித்தார். “படம், சத்தம் ரெண்டும் நல்லா வரணுமாம்.”

அவர் பலகையைத் தட்டினார்.

“அட, அதைத்தானே நானும் சொன்னேன்!”

கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தால்தான் ஏறி முடியும். கடைக்காரப் பெண் நாடாவைத் துடைத்து முடித்த அன்று இருவரும் வந்து முக்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். திரையில் முதலில் கோடுகள் ஓடின. முகங்கள் ஒரு பக்கமாக வழிந்தன. பிறகு கடையே அதிரும்படி ஒரு குரல் கேட்டது.

“வாங்க, வாங்க! செருப்பை எங்க வேணா விடுங்க, நம்ம வீடுதான்!”

ஏலக்காரரின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அப்பாடா, என்ன சத்தம்! இதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் காதே போச்சு.” சிரித்த கண்ணில் நீர் தளும்பியது.

திரையில் அவர் வந்தவர்களுக்கெல்லாம் வீட்டை அறை அறையாக ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். “முன்னறை! வெளிச்சம் தாராளம், காத்துக்குக் காசு கிடையாது! ஒரு தரம்... ரெண்டு தரம்...” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காமிரா பிடித்திருந்த மைத்துனர் கேட்டார். “அக்கா, நீ சொல்லு. அறை எப்படி?”

இளம்பெண்ணாக இருந்த மனைவி திரையில் பேச வாயெடுத்தார். “எனக்கு இந்த ரூம்ல...”

“அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு! நம்மைப் பார்க்க வர்றவங்க உட்கார இதான் இடம். மூணு தரம்!”

மொட்டை மாடியிலும் அதே கதை. “நான் என்ன நெனச்சேன்னா...” என்று மனைவி தொடங்க, “அவ நெனக்கிறது எனக்குத் தெரியாதா!” என்றது அந்தக் குரல். மறுபடி சிரிப்பு. திரையில் இருந்த மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தார். முக்காலியில் இருந்த மனைவி சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இயந்திரம் கிறீச்சிட்டது. கடைக்காரப் பெண் சட்டென்று நிறுத்தினார். “பூஞ்சை ஒட்டிக்கிச்சு. நாடா அறுந்துடலை. கொஞ்சம் பொறுங்க” என்று மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

ஏலக்காரர் எதையோ எழுதி மனைவியிடம் நீட்டினார். எப்போதும் உரக்க வாசிப்பவர் இதை மனதுக்குள்ளேயே வாசித்தார்: அன்று என்ன சொல்ல வந்தாய்?

“எத்தனை வருஷக் கதை! யாருக்கு ஞாபகம் இருக்கு?”

அவர் எழுத்தை அழிக்கவில்லை. பலகையை நீட்டியபடியே இருந்தார்.

மனைவி சேலைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டார். “அந்த ரூம்ல ஒரு தையல் மிஷின் போடலாமான்னு கேக்க நெனச்சேன். வெளிச்சம் அவ்ளோ நல்லா இருந்துது. வெளியாளுங்களுக்குத் தைச்சுக் குடுத்திருப்பேன். அதுக்குள்ள நீங்க மூணு தரம் சொல்லிட்டீங்க. ஏலம் முடிஞ்ச பிறகு என்ன பேசுறது?”

அதில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எழுதியதை உள்ளங்கையால் அழித்தார்.

இயந்திரம் மீண்டும் ஓடியது. கடைசிப் பகுதியில் படம் அறவே போய்விட்டது. கறுப்புத் திரையில் குரல் மட்டும் விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அவர் பலகையைக் கடைக்காரப் பெண்ணிடமே நேராகக் காட்டினார்: இவளைப் பேச விடாத இடங்களை வெட்டிவிடுங்கள்.

அந்தப் பெண் மனைவியைப் பார்த்தார்.

“வெட்டாதீங்கம்மா,” என்றார் மனைவி. “அதை வெட்டினா மிச்சம் என்ன இருக்கு? நாங்க அப்படித்தான் இருந்தோம். பேத்தி கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

பேத்திக்கு அது தலைகால் புரியாத கொண்டாட்டமாகிவிட்டது. டிவியைப் பார்ப்பதும் தாத்தாவைப் பார்ப்பதுமாக இருந்தது. “தாத்தா, இது நீயா? நெஜமாவா?” என்று அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பியது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னது.

அந்த வாரமே அவர் முன்னறையில் இருந்த நாற்காலிகளை மருமகனைக் கொண்டு வெளியே எடுத்துவைத்தார். மிஷின் வாங்கலாம் என்று எழுதிக் காட்டினார்.

“இப்போ ஊசியில நூல் கோக்கவே இன்னொருத்தர் கண்ணு வேணும். மிஷின் எல்லாம் வேணாம்,” என்றார் மனைவி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு நாற்காலி மட்டும் இருக்கட்டும்” என்றார்.

மறுநாள் காலை மனைவி முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏலக்காரருக்குத் தெரியாத ஏதோ ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கூடத்தில் பேத்தி மறுபடியும் வீடியோவைப் போட்டிருந்தது. குரல் வீட்டைத் தூக்கியது. மனைவி சொல்வது காதில் விழவில்லை. ஏலக்காரர் எழுந்து போய், தன் குரலைக் குறைத்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.