ஹாவ்டிஸ் வழி விலகிய ஆண்டுகள்

ஹாவ்டிஸ் என்ற பந்தயப் பாய்மரப் படகு கடலிலிருந்து முப்பத்தொரு பேரைத் தூக்கியிருக்கிறது. அதில் இருபத்தொன்பது பேர், படகு வந்து நின்ற பிறகுதான் விழுந்தார்கள். 1934இல் ஓக் மரச் சட்டத்தில் பைன் பலகை அடித்துக் கட்டிய படகு அது. எங்கள் ஷெல்விக் துறைமுகத்தில் அதைவிட வேகமான படகு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை. இருந்தும் ஜூன் மாதப் பந்தயத்தில், கடலைக் கடந்து டென்மார்க் பக்கம் கலங்கரை விளக்கமாக நங்கூரமிட்டு நிற்கும் விளக்குக் கப்பலைச் சுற்றித் திரும்பும் பந்தயத்தில், பல ஆண்டுகள் ஒருமுறைகூட அது ஜெயிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது அதன் சுக்கான் தானாகத் திரும்பும். ஆளரவமற்ற தண்ணீரில் போய் நிற்கும். பத்து நிமிடமோ நாற்பது நிமிடமோ கழித்து, பின்னால் வரும் ஏதோ ஒரு படகிலிருந்து ஒருவன் மிகச் சரியாக அந்த இடத்தில் தொப்பென்று விழுவான்.

1952இல் பல் மருத்துவர் ஒட்னி அதை வாங்கினாள். விற்றவர் கிறுக்குப் பிடித்த படகு என்று சொல்லித்தான் விற்றார். அவளுக்குத்தான் காதில் ஏறவில்லை. முதல் ஆண்டு படகு வழி விலகியபோது சுக்கான் மீது பழி போட்டுப் புதுச் சுக்கான் மாட்டினாள். இரண்டாம் ஆண்டு கணவன் ஐலர்ட் மீது பழி போட்டாள். மூன்றாம் ஆண்டு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து விழுந்ததும், பழி போடுவதை விட்டுவிட்டாள்.

ஆபத்தில் இருப்பவனுக்கு உதவப் போன படகுக்கு, அதில் செலவான நேரத்தை நடுவர்கள் திருப்பித் தர வேண்டும் என்பது பந்தய விதி. எங்கள் நடுவர் ஆஸ்முண்ட் விதியை எழுத்தெண்ணிப் படிக்கிற மனிதர். விழுந்த நொடியிலிருந்து தூக்கிய நொடிவரை மட்டும் எண்ணி, நான்கு நிமிடம் தருவார். காத்திருந்த நேரம் போனது போனதுதான்.

“விழாதவனுக்கு என்னம்மா உதவி? நீ சும்மாதானே நின்னுட்டு இருந்தே?”

“சும்மாவா? அந்த ஆளு விழுறதுக்காக நின்னேன்!”

“அது அவனுக்குத் தெரியுமா?”

இப்படியே ஆண்டுகள் ஓடின. மர வியாபாரி தூர்லைவ் எட்டுமுறை கோப்பையைத் தூக்கிப் போனான். 1961இல் அவனே விழுந்தான். ஒட்னி அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னது இது: “இருபது நிமிஷமா எனக்காகவா காத்திருந்தே, டாக்டர்? உன் வீட்டுக்காரர் கோவிச்சுக்கப்போறாரு.” அவனைத் திரும்ப ஏற்றிக்கொண்டு அவன் படகே அந்த ஆண்டும் ஜெயித்தது. கொழுப்பைப் பாருங்கள்.

ஊரே கெட்டுப்போனது இதனால்தான். அலை தூக்கி எறியாமலிருக்கப் படகோடு பிணைத்துக்கொள்ளும் இடுப்புக் கயிற்றை ஒருவரும் கட்டுவதில்லை. கேட்டால், “அதான் ஹாவ்டிஸ் இருக்கே” என்பார்கள். தபால் அலுவலர் ஒருவர் தனக்கு மாற்றுத் துணியை முன்கூட்டியே ஹாவ்டிஸில் கொடுத்துவைத்தார்.

1969இல் கோப்பையில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. அது நிரம்பியதும் கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதாக முடிவு. அதுவரை பொறித்த பெயர்களில் ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. “எனக்கு அந்தக் கோப்பை வேணும், ஐலர்ட்,” என்றாள் ஒட்னி, காலைச் சாப்பாட்டில் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டே. “வெக்கத்த விட்டுச் சொல்றேன். வேணும்.”

அந்த ஆண்டு ஹாவ்டிஸ் திரும்பவில்லை. விளக்குக் கப்பலைச் சுற்றிவிட்டு நேராக வீட்டைப் பார்த்து ஓடியது. பந்தய எல்லைக்கு ஆறு மைல் இருக்கையில் மற்றவர்களைவிட இரண்டு மைல் முன்னால் இருந்தார்கள். ஐலர்ட் பாட்டுப் பாட ஆரம்பித்தான். காற்று ஏறிக்கொண்டிருந்தது.

“ஏன் திரும்பல?” என்றாள் ஒட்னி.

“யாரும் விழப்போறதில்ல, அதான். சந்தோஷப்படேன்!”

“இல்லேன்னா இதுக்குக் காது அடைச்சுப்போச்சு. அங்க பதினாலு படகு வருது, ஒருத்தன் இடுப்புலயும் கயிறு இல்ல.”

எல்லைக் கொடி தெரிகிற தூரம். ஒட்னி அதைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், நோயாளிகள் முன்னால் சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னாள், சுக்கானைத் திருப்பினாள். படகு முரண்டு பிடித்தது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து தள்ளித்தான் அதைத் திருப்ப முடிந்தது.

ஒவ்வொரு படகாக உரசிக்கொண்டு போய்க் கத்தினாள். “கயிறக் கட்டுங்கடா, அறிவுகெட்டவனுங்களா!” ஹாவ்டிஸ் தன்னை நோக்கி வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவனும் இன்று தன் முறை என்று வெலவெலத்துப் போய்க் கயிற்றைக் கட்டினான். தண்ணீரில் ஒருவரும் விழவில்லை. தூர்லைவ் முதலில் வந்தான். ஹாவ்டிஸ் கடைசியில் வந்தது.

பந்தயம் முடிந்ததும் நடந்த நேர விசாரணையில் ஆஸ்முண்ட் கேட்டார்: “யாரத் தூக்கினே?”

“யாரையும் இல்ல.”

“யாரு விழுந்தா?”

“யாரும் விழல.”

அவர் பேனாவை மூடினார். ஒட்னி அழுதுவிட்டாள். பதினேழு ஆண்டுகளில் அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அப்போது தூர்லைவ் கையில் வாஃபிள் அப்பத்தோடு எழுந்தான். “எழுதிக்குங்க. நான் படகோட முன்பக்கத்துப் பாயை மாத்திட்டு இருந்தேன். இவ வந்து கத்துனா, போய்க் கயிறக் கட்டுனேன். அஞ்சாவது நிமிஷம் ஒரு அலை என்னத் தூக்கி வெளிய வீசுச்சு. கயிறு இழுத்துப் புடிச்சுது.” கம்பளிச் சட்டையைத் தூக்கினான். இடுப்பைச் சுற்றி நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

“யோசிச்சுப் பேசு,” என்றார் ஆஸ்முண்ட். “நான் நேரம் குடுத்தா, கோப்பை உனக்கில்ல.”

“உசுரோட உக்காந்து வாஃபிள் தின்னுட்டு இருக்கேன். இன்னும் என்னத்த யோசிக்க?”

ஆஸ்முண்ட் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் நொடி குறையாமல் திருப்பித் தந்தார். ஒட்னியின் பெயர் கோப்பையில் ஏறியது. கடைசி எழுத்து கைப்பிடி மேல் போய்விட்டது.

ஹாவ்டிஸ் ஏன் திரும்பவில்லை என்று பார்க்கப் படகுத் தச்சர் வந்தார். பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. “அதுக்கும் ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு இருந்திருக்கும், பாவம்,” என்றான் ஐலர்ட். ஊரில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஜூனில் அது பழையபடி எட்டாவது மைலிலேயே விலகிப் போய் நின்றது. ஒட்னி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யார் வருகிறார்கள் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.