மாதா தட்டுக்கு மேலே இருபத்திரண்டு

"ஜனவரி 14. நேற்று எழுதியது பிழை. கிறிஸ்ரினா அன்ரி ஹீற்றிங்கைக் குறைக்கவில்லை."

இவ்வளவும் எழுதிவிட்டு நிசாந்தன் பேனாவை வைத்தான். நவம்பரிலிருந்து காலையும் மாலையும், தாங்கள் வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் பேஸ்மென்டின் குளிரை அளந்து இந்தக் கொப்பியில் குறித்துவருகிறான். பதினாறு, பதினைந்தரை, பதினாறு. தன் கண்ணிலேயே நம்பிக்கையில்லாமல் ஒவ்வொன்றையும் இரண்டுதரம் பார்த்துத்தான் எழுதுவான். வீட்டுக்கார அன்ரியின் கஞ்சத்தனம் என்று நேற்று முடிவே கட்டியிருந்தான். ஏழு மாத வயிற்றோடு மனைவி மெலனி இரண்டு சுவெற்றருக்குள் முடங்கிக் கிடந்தாள்; இருமல் விட்டபாடில்லை.

இன்று பின்னேரம் சண்டைக்கென்றே மேலே ஏறினான். ஹோல் சுவரில், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் இருபத்திரண்டு டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே, ஒரு சாண் இடைவெளியில், மாதா சுரூபம் வைத்த சுவர்த் தட்டு. அதில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில், வீடே சூடாகிவிட்டதென்று தேர்மோஸ்ரற் நம்பிக்கொண்டிருந்தது. காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடவில்லை. அன்ரியும் தொப்பியும் சால்வையுமாகத்தான் இருந்தார்.

"அன்ரி, உந்தத் தட்டு ஆர் பூட்டினது?"

"சீமோன்தான் தம்பி. நான் குசினிப் பக்கம் கேட்டனான். மாதா உதிலைதான் நிக்கவேணுமெண்டு ஒரே பிடி. கோயில் பக்கமே வராத மனுசன், திரியை மட்டும் அணையவிடார்." அன்ரி சிரித்தார். "எங்கடை காஸ் பில் குறையிறதைப் பாத்துப் பக்கத்து வீட்டு ஜூலிக்கு எரிச்சல். எல்லாம் மாதாவின்ரை கிருபையெண்டு இவர் சொல்லுவார்."

அன்ரியின் கணவர் சீமோன் அங்கிள் முப்பது வருடம் ஃபேர்னஸ் திருத்தியவர். நிசாந்தனை அந்தத் தொழிலுக்கான மாலை வகுப்பில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சூடு படுகிற இடத்தில் தேர்மோஸ்ரற் கூடாது என்பது முதல் வாரப் பாடம். அவர் தெரியாமல் செய்திருக்க முடியாது. போன மாரிக் குளிரில் கீழே வந்து, "பழைய வீடு தம்பி, பேஸ்மென்ட் உப்பிடித்தான்" என்று சொல்லி, அளந்துபார்க்கத் தன் வெப்பமானியையும் கொடுத்துவிட்டுப் போனவர்.

"ஏன் தம்பி கேட்டனீர்?"

"சும்மா, அன்ரி."

"அவர் கண்ணை மூடி மூண்டு மாசம். உந்தத் திரி எரியேக்கை மனுசன் வீட்டிலை நிக்கிற மாதிரி."

இப்போது பேஸ்மென்டில் மெலனி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "என்னப்பா, மேலை அன்ரிக்கு நல்லாக் குடுத்தியளோ?"

"இல்லை."

"தெரியும். நீங்கள் அளக்கத்தான் லாயக்கு."

அவன் அங்கிளின் வெப்பமானியை எடுத்தான். பதினைந்து. இன்னொருதரம் பார்த்தான். பதினைந்துதான். எழுதினான்.

"நாளை: வகுப்பில் கூடப் படிக்கும் சுலக்சனிடம் ட்ரில் வாங்குவது. அன்ரி பூசைக்குப் போகமுன், தட்டை எதிர்ச் சுவரில் பூட்டித் தரட்டோ என்று கேட்பது."