கட்டுப்போட்ட ஐந்து கத்திகள்

பன்னிரண்டு நாளாக அவள் கைப்பையில் ஒரு கடிதம் கிடந்தது. நாளைக் காலை பத்து மணிக்குள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரப் பயணத்தில் இன்னொரு கிளை இருந்தது. அங்கே சமையற்கூட மேற்பார்வையாளராக வரச் சொல்லியிருந்தார்கள். தங்குவதற்கு அறையும் உண்டு. மகள் கல்லூரி விடுதிக்குப் போய் ஒரு வருஷமாகிவிட்டது. வீட்டில் மிச்சம் கணவர் மட்டும்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்றுதான், கிடைத்த ஒரே லீவு நாளையும் விட்டுக்கொடுத்து சமையல் கத்தி சேகரிக்கிற அவருடைய நண்பர்கள் கூட்டத்துக்குத் துணையாக வரச் சம்மதித்தாள். ஆனால் பஸ் ஏறியதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. ஜப்பானில் ஏதோ ஒரு பட்டறையில் அப்பாவும் பிள்ளையும் இருவரே உட்கார்ந்து அடிக்கிற கத்தி, மாதத்துக்கு இருபதுதான் வெளியே வரும், இரும்புக்குள் எஃகை வைத்து அடிப்பார்கள், ஈரத்தோடு விட்டால் அரை மணியில் துருப்பிடிக்கும்.

"அப்போ கைக்குழந்தைன்னு சொல்லுங்க," என்றாள்.

"அதைவிட மேல! குழந்தை அழுதாவது காட்டும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் ஒரு நாளைக்கு நாற்பது கிலோ காய் நறுக்குகிறாள். கை வலிக்காமல் என்ன செய்யும்?

கூட்டம் நடக்கும் இடம் ஒரு பல் டாக்டரின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் கிடையாது. தவிர, பல் பார்க்கிற விளக்கை இழுத்துக் கத்திமேல் திருப்பினால் கூரில் இருக்கும் மயிரிழைச் சேதமும் தெரியும். நோயாளி சாயும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசை போட்டு, அதன்மேல் பலகையும் காய்களும் வைத்திருந்தார்கள். டாக்டரைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். எதையும் தராசில் வைக்காமல் பேச மாட்டார் என்பதால் 'கிராம் சார்' என்று பெயர். இன்னொருவர் தையல்கடை அக்கா. கத்தரிக்கோலில் ஆரம்பித்த பித்து அவருக்குக் கத்தியில் வந்து முற்றியிருந்தது.

மேசைமேல் ஐந்து கத்திகள். டாக்டர் இரண்டு, மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று. பட்டறையின் பெயர் தெரியாமல் அலகுமேல் பிளாஸ்திரி ஒட்டி, கைப்பிடியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி சுற்றியிருந்தார் கிராம் சார். அடிபட்டு வந்து வரிசையில் படுத்திருக்கும் நோயாளிகள் போல இருந்தன.

"பேரைப் பார்த்தே மார்க் போட்டுப் பழகிட்டோம்," என்றார் கிராம் சார். "அதனால இன்னிக்குப் பேரும் கிடையாது, விலையும் கிடையாது. ஆனா எது யாரோடதுன்னு நம்ம நாலு பேருக்கும் தெரியும். அதனால நீதிபதி வெளியாளா இருக்கணும்."

"என் வீட்டம்மா இருக்கும்போது வேற யாரு?" என்றார் கணவர். குரலில் பெருமை வழிந்தது. "நீங்கள்லாம் ஞாயித்துக்கிழமை ஒரு தக்காளி நறுக்குறவங்க. இவ நறுக்குறதையே பொழப்பா வச்சிருக்கா."

லீவு நாளிலும் அதே பொழப்புதானா என்று அவளுக்குத் தோன்றியது. வாஷ்பேசினில் கையைக் கழுவிக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆளுக்கொரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கத்தி தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கியது. "நல்லாயிருக்கு. ஆனா லேசு. நாள் பூரா நறுக்கினா நாமதான் அமுக்கணும்."

"நூத்தி முப்பத்தெட்டு கிராம்," என்றார் கிராம் சார், தாலாட்டுப் போல.

இரண்டாவதன் முதுகு ஆள்காட்டி விரலை உறுத்தியது. மூன்றாவது நன்றாக இருந்தது. நாலாவதில் வெங்காயம் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன இரண்டு வார்த்தையை அவர்கள் இரண்டு வரியாக எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது அகலமான, செவ்வக அலகுள்ள கத்தி. அதை அவள் எடுத்ததும் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னங்காலில் எம்பி நின்றார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையனைப் போல.

முள்ளங்கியை வைத்து நறுக்கினாள். வில்லை சரிந்து விழுந்தது. இன்னொன்று நறுக்கினாள். அதுவும் அப்படியே.

"இதுதான் அஞ்சுலயும் கடைசி," என்றாள்.

யாரும் எழுதவில்லை.

"அவசரப்படாத," என்றார் கணவர். "அது ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்தி. கொஞ்சம் பழகணும். இன்னொரு தடவை போடு."

போட்டாள். "இழுக்குதுங்க. நான் நேரா இறக்குறேன், அது வெளிப்பக்கமா ஓடுது. பாருங்க, மேல தடிப்பு, கீழ காகிதம். இதை வச்சு எங்க சமையற்கட்டுல ஒரு மணி நேரம் நிக்க முடியாது."

தையல்கடை அக்கா அருகில் வந்து, முள்ளங்கியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கடைசியில் அவள் கையைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, நீ இடது கையா?"

"நறுக்க மட்டும்தான் அக்கா. எழுதுறது, சாப்பிடுறதெல்லாம் வலது. ஸ்கூல்ல டீச்சர் ஸ்கேலால அடிச்சே மாத்திட்டாங்க. கத்தி பிடிக்கிறதை யாரும் கவனிக்கலை. அது மட்டும் தப்பிச்சிடுச்சு."

"அப்படிச் சொல்லு. இடது கைக்குக் கத்தரிக்கோலே தனி. இந்தக் கத்தியும் அந்த மாதிரிதான். இது வலது கைக்காரங்களுக்குத் தீட்டினது. கத்திமேல தப்பில்லை."

டாக்டர் விளக்கை லேசாகத் தணித்தார். "சார், ஆர்டர் படிவத்துலயே எந்தக் கைன்னு கேப்பாங்களே?"

"கேட்டாங்க," என்றார் கணவர். "வலதுன்னு டிக் பண்ணினேன்."

"உங்களுக்கா?"

"இல்ல. அவளுக்குத்தான். ஏழு மாசம் முன்னாடியே சொல்லி வச்சேன். நல்லாயிருக்குன்னு அவ வாயால சொன்னதும், உனக்குத்தான்னு கொடுக்கலாம்னு..."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று கேட்டார் கிராம் சார்.

"இருபத்திரண்டு."

"அதைத் தராசுல வைக்க என்னால முடியாதுப்பா."

டாக்டர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று இருமினார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவர்கள் வீட்டுச் சமையலறை ஒரு ஆள் நிற்கிற இடம். அவர் வாசற்படி வரைக்கும் வருவார், அங்கிருந்தபடியே பேசுவார், காபி வாங்கிக்கொண்டு போவார். இத்தனை வருஷமும் அவர் பார்த்தது அவள் முதுகை. எஃகின் கடினத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்ட மனுஷர்.

திரும்பும்போது பஸ் மாறுகிற நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் மடியில் கத்தி இருந்த பை. வெகுநேரம் பேசவில்லை. அவருக்குக் கத்திப் பித்து பிடித்த இந்த இரண்டரை வருஷத்தில் இப்படி ஒரு மௌனம் இதுதான் முதல் முறை. விட்டால் கிடைக்காது.

"எனக்கு மாற்றல் வந்திருக்குங்க," என்றாள். ஊர், வேலை, அறை, எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்குப் பதில் சொல்லணும்."

"எப்ப வந்துச்சு?"

"பன்னண்டு நாளாச்சு."

"ஏன் சொல்லலை?"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க சாணைக்கல்லைத் தண்ணியில எத்தனை நிமிஷம் ஊற வைக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. மறுநாளும் கல்லு. அதுக்கப்புறம் நாலு நாள் கைப்பிடி. எந்த மரம்னு."

அவர் பையின் ஜிப்பைத் திறந்து, மறுபடி மூடினார். "இடது கைக்குச் சொன்னா மாத்திக் கொடுப்பாங்க. நாலஞ்சு மாசம் ஆகும். அது வந்துடுச்சுன்னா உனக்கும் வேலை சுளுவா..."

"நல்ல கத்தி வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா?" குரலை உயர்த்தவில்லை. "எனக்கு நறுக்கி நறுக்கி அலுத்துப்போச்சுங்க. எந்தக் கத்தியா இருந்தாலும் அலுப்புதான். அங்க போனா உட்கார்ந்து கணக்குப் பண்ணி, நாலு பேரை வேலை வாங்கலாம். கை வலிக்காது. எனக்கு அதுதான் வேணும்."

அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வலது எது, இடது எது என்று இப்போதுதான் படிக்கிற மாதிரி.

"நான் உனக்காகத்தான் அதை வாங்கினேன்," என்றார் கடைசியாக.

"தெரியும். அதனாலதான் எனக்குச் சண்டை போடக்கூட முடியலை."

ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்கள் பஸ் இல்லை.

"போகணும்னு முடிவு பண்ணிட்டியா?"

கேட்டுவிட்டார். கேட்டால் என்ன சொல்வது என்று பன்னிரண்டு நாளும் யோசித்திருந்தாள். இப்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆமாங்க."

"வேணாம்னு சொன்னா நின்னுடுவியா?"

"மாட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊருக்கு வண்டி இருக்கா?"

"தெரியலை. அதையும் நானேதான் விசாரிக்கணுமா?"

அவர் பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து, விசாரணை ஜன்னலுக்கு முன்னால் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அவர் திரும்பி வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரி அதிகாரிக்கு ஒரு வரி அடித்தாள்: 'சம்மதம். ஒன்றாம் தேதி சேருகிறேன்.' அனுப்பிவிட்டுச் செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

கண் அசந்திருக்க வேண்டும். விழித்தபோது அவர் எதிரில் நின்றார்.

"ஆறு மணிக்கு ஒண்ணு இருக்காம். ஆனா நெரிசலா வருமாம். உட்கார இடம் கிடைக்காது, நாலு மணி நேரமும் நின்னுக்கிட்டுத்தான் வரணும்னாங்க."

"நில்லுங்க," என்றாள், மறுபடி கண்ணை மூடிக்கொண்டே.

"சரி," என்றார். அப்புறம் அவளை எழுப்பாமல், அவர்கள் பஸ் வருகிறதா என்று தானே பார்த்துக்கொண்டு நின்றார்.